கொழுந்து மஞ்சளா, அடியிலை மஞ்சளா

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். மஞ்சளாகிப்போன ஓர் இலை. கீழே ஒரே வரி: "மேடம், பூக்கிற நேரம். என்ன கொடுக்கச் சொல்லலாம்?" இந்த இலை செடியில் எங்கே இருந்தது, மேலேயா கீழேயா என்று கேட்டேன். அதைக் கவனிக்கவில்லை என்று பதில் வந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. நானும் ஒருமுறை அதைக் கவனிக்காமல் விட்டவள். அதனால் அண்ணன் தம்பி இரண்டு பேர் போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போகப் பார்த்தார்கள். வேளாண்மைத் துறையில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன உங்களுக்கு இதைச் சொல்லிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். அந்தப் படம் வந்தபிறகுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து நாலு வயது. வேளாண்மைப் படிப்பு முடித்து முதல் வேலை. பெரம்பலூரில் ஆபீஸ், அங்கேயே ஒரு வீட்டின் மாடியில் வாடகை அறை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வோர் ஊருக்கும் குறித்த கிழமையில் போக வேண்டும். அதில் ஓர் ஊருக்குக் குன்னத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மைல் நடை. ஊர்க்காரர்களுக்கு என்னை எப்படிக் கூப்பிடுவது என்று முதலில் தெரியவில்லை. டீச்சர் என்றார்கள், நர்சம்மா என்றார்கள், கடைசியில் ஆபீசரம்மா என்பதில் வந்து நின்றார்கள்.

அந்த ஊரில் செல்லமுத்து என்று ஒரு விவசாயி. நாற்பது வயது இருக்கும். அவருக்குக் கீழே தம்பி தங்கராசு. அவர்கள் அப்பா காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போய், கடைசிக் காலத்தில் நாலு ஏக்கர் சொந்தமாக வாங்கிவைத்துவிட்டுப் போனவர். அதை அண்ணனும் தம்பியும் ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். மேல்பாதி செவல் மண், அண்ணனுக்கு. கீழ்பாதி கரிசல், தம்பிக்கு. கிணறு ஒன்றுதான், நடுவில். அண்ணன் ஆவணியில் நிலக்கடலை விதைத்திருந்தார். தம்பி பருத்தி போட்டிருந்தார்.

புரட்டாசியில் கடலை பூத்திருந்தது. என் முறைநாளில் நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி நாலாகிவிட்டது. ஐந்தரைக்குப் பஸ். அதை விட்டால் அடுத்தது இருட்டின பிறகுதான். செல்லமுத்து வரப்பிலேயே காத்திருந்தார்.

"ஒரு வாரமா இப்படி வெளுத்துட்டே வருதும்மா. பூ வுடற நேரத்துல இப்படி ஆனா மண்ணுக்குள்ள எறங்குற விழுதெல்லாம் காய் புடிக்காமப் பொக்காப் போயிரும்ல?"

வயலின் நடுவில் கால் ஏக்கர் அளவுக்கு மஞ்சள் பாய் விரித்த மாதிரி இருந்தது. நான் வரப்பில் நின்றபடியே பார்த்தேன். பார்த்ததும் மனதில் விடை வந்துவிட்டது. படிக்கும்போது மஞ்சள் என்றதும் முதலில் சொல்லிக்கொடுத்த விடை.

"தழைச்சத்து பத்தல அண்ணே. கொஞ்சம் யூரியா தூவி தண்ணி கட்டுங்க."

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "கடலைக்கு யூரியாவாம்மா?"

அந்தக் கேள்விக்குள்ளேயே எனக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. கடலை தனக்கு வேண்டிய தழைச்சத்தைப் பெரும்பாலும் தன் வேர் முடிச்சுகளிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதை அவர் புத்தகத்தில் படித்ததில்லை. வருஷக்கணக்காகக் கடலை போட்டுத் தெரிந்துவைத்திருந்தார். நான் புத்தகத்திலும் படித்திருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் என் கண் கைக்கடிகாரத்தில் இருந்தது. "கொஞ்சமாப் போடுங்க, சரியாயிரும்" என்றேன். பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களும் போட்டார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். ஜன்னலோர இடம்கூடக் கிடைத்தது.

பதினைந்து நாள் கழித்து மறுபடி போனபோது அந்த வயலைச் சுற்றி இருபது பேர் நின்றார்கள். என் முறைநாள் என்று தெரிந்து எனக்காகத்தான் காத்திருந்தார்கள். மஞ்சள் கால் ஏக்கரிலிருந்து அரை ஏக்கராகியிருந்தது. நடுவில் இலைகள் வெள்ளைக் காகிதம்போல் ஆகிவிட்டன. யூரியா போட்ட பிறகு செடி வளர்ந்திருந்தது; ஆனால் வெளுத்துப்போய் வளர்ந்திருந்தது.

ஊர் பிரசிடெண்ட் ஒரு மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் செல்லமுத்துவும் அவர் மனைவி அஞ்சலையும். அந்தப் பக்கம், தன் பருத்திக் கொல்லைக்குள், தங்கராசு தனியாக நின்றார். அவரோடு யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். யூரியா போட்டும் பச்சை திரும்பவில்லை என்றதும் செல்லமுத்துவின் மனது வேறு பக்கம் போயிருக்கிறது. தம்பி பருத்திக்கு மருந்து அடித்தது கடலை வெளுக்கத் தொடங்கிய வாரத்தில்தான். ஸ்பிரேயரைக் கழுவியது வாய்க்கால் தலைப்பில். அந்தத் தண்ணீர்தான் கடலைக்குப் பாய்ந்தது. கிணற்றுத் தண்ணீர் முறை வைப்பதில் இரண்டு பேருக்கும் ஏற்கெனவே ஒரு மனக்கசப்பு. இதையெல்லாம் சேர்த்துவைத்து, தம்பி வேண்டுமென்றே விஷத்தைத் தண்ணீரில் கலந்துவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒருவர் வாசலுக்கு ஒருவர் போகக்கூடாது என்றாகிவிட்டது.

பிரசிடெண்ட் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க படிச்சவுங்க. உங்க ரோசனைப்படிதான் ஒரம் போட்டாரு. அதுக்கும் கேக்கலன்னா இது வெசம்தானே? ஒரு காகிதத்துல அத எழுதிக் குடுத்துருங்க. மேக்கொண்டு நாங்க பாத்துக்கறோம்."

"எழுதிக் குடுத்தீங்கன்னா நேரா ஸ்டேசனுக்குப் போறேன்" என்றார் செல்லமுத்து.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். என் தோள்பையில் ஆபீஸ் காகிதம் இருந்தது. பேனா இருந்தது. விஷம் என்று நான் எழுதிவிட்டால் என் யூரியா தப்பில்லை என்று ஆகிவிடும். அந்த எண்ணம் எனக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். பயந்துபோன மனது தனக்கு வசதியான காரணத்தைத்தான் முதலில் எடுத்துக் கொடுக்கும். அது உண்மை மாதிரியே இருக்கும். மருந்து அடித்த நாள் சரி, வாய்க்கால் சரி, பகை சரி. எல்லாம் பொருந்திவந்தது. செடி ஒன்றை மட்டும்தான் யாரும் கேட்கவில்லை.

"நான் இன்னும் செடியப் பாக்கல" என்றேன்.

கூட்டத்திலிருந்து யாரோ, "அப்ப போன தடவ வந்து என்னத்தப் பாத்தீங்க?" என்றார்.

"போன தடவ வரப்புல நின்னு பாத்தேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கி, அந்த வெளுத்த இடத்தின் நடுவில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால்தான் செடியின் அடிப்பாகம் கண்ணுக்குத் தெரியும். நின்றால் கொழுந்துதான் தெரியும்.

அடியிலைகள் பச்சையாக இருந்தன. தழைச்சத்துக் குறைவு என்றால் செடி அடியிலையிலிருந்து எடுத்து மேலே அனுப்பும். அடியிலைதான் முதலில் மஞ்சளாகும். இங்கே நேர்மாறாகக் கொழுந்து மஞ்சள். அந்தக் கொழுந்திலையிலும் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தன. ஒரு செடியைப் பிடுங்கினேன். வேரில் முடிச்சுகள் நிறைய இருந்தன. ஒன்றை நகத்தால் கீறினேன். உள்ளே இளஞ்சிவப்பு. அப்படியென்றால் வேர் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது. நான் சொன்ன யூரியா இந்தச் செடி கேட்காத ஒன்று.

விஷமும் இல்லை என்று தோன்றியது. வாய்க்கால் ஓரத்தில், தண்ணீர் முதலில் பாயும் இடத்தில், கடலை கரும்பச்சையாக நின்றது. புல்லும் அப்படியே. விஷம் வாய்க்கால் வழியாக வந்திருந்தால் முதலில் கருக வேண்டியது அந்த ஓரம்தான்.

அதற்குள் அஞ்சலை என் பக்கத்தில் வந்து குந்தியிருந்தார். நான் மண்ணைக் கிளறுவதைப் பார்த்தார். மேலே செவல், இரண்டு விரல் ஆழத்தில் வெள்ளையாக, கட்டி கட்டியாக வந்தது.

"அக்கா, இந்த வெள்ள மண்ணு ஏது? அங்கிட்டு இல்லியே?"

"இது கெணத்து மண்ணும்மா. இந்த எடம் பள்ளமாக் கெடந்து தண்ணி நின்னுக்கும். போன கோடையில கெணறு ஆழம் எடுத்தாங்கல்ல, அப்ப அடியில சுண்ணாம்புக்கல்லாத்தான் வந்துச்சு. அந்த மண்ண வண்டி வண்டியா அடிச்சு இந்தப் பள்ளத்தத் தூத்துனோம்."

"யாரு அடிச்சது?"

அவர் தன் கணவர் பக்கம் பார்த்தார். "இவருதான். கொழுந்தனாரு வேணாம்னு சொன்னாப்ல, வெள்ள மண்ணு வெளங்காதுன்னு. இவருதான் கேக்கல."

அந்தப் பக்கமெல்லாம் பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல் என்று எல்லோருக்கும் தெரியும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேர் அதை எடுக்க முடியாது. தண்ணீர் நின்றால் இன்னும் மோசம். படித்திருந்தேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன்.

ஆனால் இந்தத் தடவை விடை வந்ததும் சொல்லிவிடப் பயமாக இருந்தது. பதினைந்து நாளைக்கு முன்னால் வந்த விடையும் இதே மாதிரி உறுதியாகத்தான் வந்தது. எழுந்து வரப்புக்கு வந்தேன்.

"எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. இது வெசமில்லன்னு தோணுது. ஆனா தோணுறத வச்சு எழுதிக் குடுக்க மாட்டேன். ஒரு வாரம் குடுங்க, சோதிச்சுப் பாத்துச் சொல்றேன்."

பிரசிடெண்ட் விடவில்லை. "ஒரு வாரத்துல செடி செத்துப் போச்சுன்னா?"

"என்னாலதான் செத்துச்சுன்னு எழுதிக் குடுக்கறேன்."

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தங்கராசுவின் குரல் வந்தது. "அப்ப அந்த ஒரு வாரமும் நான் வெசம் வச்சவன்தானா?" அவர் சத்தமாகக் கேட்கவில்லை. அந்த ஒரு வாரம் அவருக்கு நான் கொடுத்தது.

எனக்கு வேண்டியது அன்னபேதி உப்பு. இரும்புச்சத்து உள்ள பச்சை நிற உப்பு. பெரம்பலூர் உரக்கடைகளில் கேட்டால் அப்போது அப்படி ஒன்றா என்றார்கள். மறுநாள் அரியலூர் போனேன். கடைத்தெருவில் ஒரு நாட்டுமருந்துக் கடையில் இருந்தது. கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே, "சோகைக்காம்மா?" என்று கேட்டார்.

"ஆமா. கடலைச் செடிக்கு."

"செடிக்குமா சோகை வருது?" என்று ஆச்சரியப்பட்டுவிட்டு, இன்னும் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார்.

அங்கிருந்தே ஊருக்குப் போனேன். மண்பானையில் கரைத்து, கரைசல் துருவாக மாறிவிடாமல் எலுமிச்சம்பழம் பிழிந்தோம். வயலின் நடுவில் நாலு வரிசையைக் கயிறு கட்டிப் பிரித்தேன். நானும் அஞ்சலையும் துணியை அதில் நனைத்து நாலு வரிசைச் செடிகளின் கொழுந்திலைகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்தோம். பக்கத்தில் இன்னொரு வரிசையை வெறும் தண்ணீரால் துடைத்தோம். "இதுக்கு எதுக்கும்மா வெறுந்தண்ணி?" என்றார் அஞ்சலை. ஈரத்தால் பச்சையாச்சு என்று நாளைக்கு ஒருவரும் சொல்லக்கூடாது என்றேன். செல்லமுத்து வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் ஆபீசில் எனக்கு வேலை ஓடவில்லை. நாட்குறிப்பில், "இன்ன தேதியில் நான் யூரியா இடச் சொன்னது தவறு. செடியைப் பிடுங்கிப் பார்க்காமல் சொல்லப்பட்டது" என்று எழுதியிருந்தேன். மேலதிகாரி அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இதையெல்லாம் எழுதணுமாம்மா? மேல கேள்வி வரும்." அவர் கெட்டவர் இல்லை, எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். "இருக்கட்டும் சார்" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மேலேயிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. நம் குறிப்புகளை அவ்வளவு கவனமாக யாரும் படிப்பதில்லை என்பது அப்போது தெரிந்தது. நமக்காகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நாலாம் நாள் மழை தூறியது. துடைத்ததெல்லாம் கழுவிக்கொண்டு போயிருக்குமோ என்று மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். வேறென்ன செய்ய.

ஏழாம் நாள் முதல் பஸ்ஸில் போனேன். பாதி வழியில் அஞ்சலை புல்லுக்கட்டோடு நின்றார். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. "எப்படியிருக்குக்கா?" என்றேன்.

"வந்து பாருங்க. நான் சொல்லி என்ன."

வெளுத்த வயலின் நடுவில் நாலு பச்சைக் கோடு. பென்சில் பிடித்துக் கோடு போட்ட மாதிரி. வெறும் தண்ணீர் துடைத்த வரிசை பழையபடியே மஞ்சள். நாங்கள் துணியால் தொட்ட இலைகள் மட்டும் பச்சையாகியிருந்தன. அதே செடியில், தொட்டபிறகு முளைத்த புது இலை மறுபடியும் மஞ்சளாகத்தான் வந்திருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்குச் சந்தேகம் போனது. இரும்பு போன இடத்தில் பச்சை, போகாத இடத்தில் மஞ்சள். வேறு எந்தக் காரணத்துக்கும் அங்கே இடமில்லை.

கொஞ்ச நேரத்தில் பிரசிடெண்டும் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். தங்கராசு அதே இடத்தில், அந்தப் பக்கம். நான் முதலில் பேசினேன்.

"இது வெசமில்ல. சுண்ணாம்பு மண்ணு, செடி இரும்புச்சத்த எடுக்க முடியல. இன்னொண்ணும் சொல்லணும். நான் யூரியா போடச் சொன்னது தப்பு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வரப்புலயே நின்னு சொல்லிட்டேன். என் பேச்சக் கேட்டுப் போட்ட மத்தவங்க யாரு இருக்கீங்களோ, உங்ககிட்டயும் சொல்றேன், தப்பு என்னோடது. செல்லமுத்து அண்ணன் அன்னைக்கே கேட்டாரு, கடலைக்கு யூரியாவான்னு. அவரு கேட்டதுதான் சரி."

ஏதாவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் திட்டவில்லை. செல்லமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"படிச்ச புள்ள, இத்தன பேரு மத்தியில தப்புன்னு சொல்லிருச்சு. நான் சொன்னா என்ன கொறஞ்சு போயிருவேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, வாய்க்காலைப் பார்த்து, "டேய் தங்கராசு. நான் சொன்னது தப்புடா. மண்ண அடிச்சது நான்தான். நீ வேணாம்னுதான் சொன்ன" என்றார்.

தங்கராசு திரும்பி நடந்து பருத்திக்குள் போய்விட்டார். செல்லமுத்து துண்டைப் பிடித்தபடியே நின்றார். நான் உண்மையைச் சொன்னால் எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடும் என்று உள்ளூர நினைத்திருந்தேன் போலிருக்கிறது. எனக்கு மனசு சங்கடமாக இருந்தது.

இனி அரை ஏக்கர் முழுக்க அன்னபேதிக் கரைசல் தெளிக்க வேண்டும். துணியால் துடைத்து முடிகிற காரியமில்லை. ஸ்பிரேயர் வேண்டும். அந்தப் பக்கத்துக் கொல்லைகளில் ஸ்பிரேயர் வைத்திருந்தது தங்கராசு ஒருவர்தான். அது எல்லோருக்கும் தெரியும். போய்க் கேட்க யாரும் கிளம்பவில்லை. அஞ்சலை மட்டும் பானைகளில் தண்ணீர் நிரப்பிக்கொண்டே இருந்தார்.

அரைமணி நேரம் இருக்கும். தங்கராசு வாய்க்காலைத் தாண்டி வந்தார். முதுகில் ஸ்பிரேயர். வீட்டில் சோப்புப் போட்டுக் கழுவி எடுத்துவந்திருந்தார். வெளியே இன்னும் ஈரம் சொட்டியது. அண்ணனைப் பார்க்கவில்லை. "அண்ணி, ஊத்துங்க" என்று குனிந்து நின்றார். அஞ்சலை ஊற்றினார். அவர் தெளிக்க ஆரம்பித்தார்.

இரண்டாம் தடவை நிரப்பியபோது ஸ்பிரேயரைத் தரையிலிருந்து தூக்கித் தம்பி முதுகில் வைத்தவர் செல்லமுத்து. பட்டையை இழுத்துச் சரிசெய்தார். அப்போது தங்கராசு அண்ணன் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"செடி ஒரு வாரத்துல பச்சையாயிரும்ணே. நீ சொன்னது எனக்கு ஆற எத்தன வாரம் ஆவும்னு தெரியல."

செல்லமுத்து பட்டையின் முறுக்கை எடுத்துவிட்டார். தங்கராசு அடுத்த வரிசைக்குப் போனார்.

அந்த வருஷம் அந்த அரை ஏக்கரில் விளைச்சல் குறைந்துதான் போனது. யூரியாவால் கொடி வளர்ந்த அளவுக்குக் காய் இறங்கவில்லை. என் தப்பின் பங்கு அதில் இருந்தது. அதை எந்தத் தெளிப்பும் திரும்பக் கொண்டுவரவில்லை. மற்ற நிலம் நன்றாகவே காய்த்தது. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். நீங்கள் சொன்னதை நம்பி ஒரு வயல் கெட்டு நிற்கும். உங்கள் தப்பை மறைக்க வசதியாக இன்னொரு ஆள் பக்கத்திலேயே நிற்பான். அன்றைக்குக் காகிதத்தை வெளியே எடுக்காதீர்கள். வயலுக்குள் போய் உட்காருங்கள்.

அன்னபேதியைப் பத்து நாள் இடைவெளியில் மூன்று தடவை தெளிக்க வேண்டும். இரண்டாவது தெளிப்புக்கு என்னால் போக முடியவில்லை. மூன்றாவதற்குப் போனேன். தூரத்திலிருந்து பார்த்தபோது ஸ்பிரேயரோடு நடந்துகொண்டிருந்தவர் தங்கராசு என்றுதான் நினைத்தேன். கிட்டே போனதும் தெரிந்தது, செல்லமுத்து. தங்கராசு அவருக்கு நாலு எட்டு பின்னால் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அண்ணே, நில்லு. ரெண்டு செடிய வுட்டுட்டு வந்துட்ட."

செல்லமுத்து திரும்பி நடந்தார்.